1969 கமாரோ வாங்கும் முன்: எண்கள், தகரம், காகிதம், விலை

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட்டின் உட்வர்டு சாலையில் பழைய கார்கள் அணிவகுத்துப் போவதைப் பார்த்த பிறகு, மிச்சிகனில் வாழும் நம்மவர்கள் பலருக்கு அப்படி ஒரு பழைய காரை வாங்கும் ஆசை பிடித்துக்கொள்கிறது. எனக்கும் அப்படித்தான் பிடித்தது. ஆசைப்பட்ட நாளிலிருந்து சாவி கைக்கு வந்த நாள் வரை பட்ட பாட்டில் பெரும்பங்கு, எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லாததால் வந்தது.

விற்பவர்கள் எல்லோரும் ஒரே முறையில்தான் காட்டுகிறார்கள். முதலில் பெயின்ட்டின் பளபளப்பு, பிறகு எஞ்சினை முடுக்கி ஓர் உறுமல், பிறகு ஒரு சுற்று ஓட்டம், கடைசியில் காகிதம். வாங்குபவர் அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். எண்களும் காகிதமும் வீட்டில் இருக்கும்போதே தொடங்கட்டும், நேரில் போனதும் தகரத்தைப் பாருங்கள், எஞ்சின் கடைசி. எஞ்சினைப் பழுது பார்க்க ஊருக்கு ஒரு பட்டறை இருக்கிறது. துருவேறிய உடம்பையும் பொய்யான அடையாளத்தையும் சரிசெய்யக் காரின் விலையைவிட அதிகம் செலவாகலாம், சரிசெய்யவே முடியாமல் போகவும் கூடும்.

எடுத்துக்காட்டாக 1969 செவ்ரலே கமாரோவை வைத்துக்கொள்கிறேன். அந்த மாடல் 2,43,000-க்கும் மேல் தயாரானது. அநேகமாக எல்லா உதிரி பாகங்களும் புதிதாகக் கிடைக்கின்றன. அதனாலேயே அதிகமாகப் போலி செய்யப்படுகிற கார்களில் அதுவும் ஒன்று. மஸ்டாங், ஷெவெல், ஜி.டி.ஓ., சார்ஜர் என்று வேறு எதைத் தேடினாலும் முறை இதுவே. மாறும் இடங்களைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

1. பணத்தை முதலிலேயே மூன்றாகப் பிரியுங்கள்

கையில் 50,000 டாலர் இருந்தால் 50,000 டாலர் காரைத் தேடாதீர்கள். முதல் பங்கு காரின் விலை. இரண்டாவது, வாங்கும் செலவு: மிச்சிகனில் 6 சதவீத வரி, பரிசோதகர் கட்டணம், வேறு மாநிலத்திலிருந்து வந்தால் டிரக் கூலி, இன்சூரன்ஸ். மூன்றாவது, முதல் ஆண்டின் பழுதுச் செலவு. விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அந்த மூன்றாவது பங்கு செலவாகியே தீரும். இரண்டுக்கும் மூன்றுக்குமாக ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் காருக்கான பணம் என்று எண்ணுங்கள்.

தேடும் காலத்தையும் தேர்ந்தெடுங்கள். வசந்தம் தொடங்கி ஆகஸ்ட் வரை வடக்கு மாநிலங்களில் விலை விறைப்பாக இருக்கும். நவம்பரில் பனி விழத் தொடங்கியதும், நிறுத்த இடமில்லாதவர்கள் இறங்கி வருவார்கள். ஆனால் பனிக்காலத்தில் லிப்டில் ஏற்றிப் பார்க்காமல், தெருவில் நின்ற நிலையில் ஒரு காரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஈரத்தில் எல்லாப் பெயின்ட்டும் நன்றாகத்தான் தெரியும்.

2. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் வின் எண்ணைப் படியுங்கள்

விளம்பரத்தைப் பார்த்து அழைத்ததும் கேட்க வேண்டிய முதல் விஷயம், ஒவ்வொரு காருக்கும் ஆலை தரும் அடையாள எண்ணான வின் எண்ணின் புகைப்படம். வாயால் சொல்வது போதாது, படமே வேண்டும். 1969 கமாரோவில் இந்தத் தகடு ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டின் மேல், முன் கண்ணாடி வழியாகத் தெரியும்படி இருக்கும். 1967 மாடலில் மட்டும் கதவுக் கீல் பொருந்தும் தூணில் இருக்கும்.

எண் 124379 என்று தொடங்கினால் அதைப் பிரித்துப் படியுங்கள். 1 என்பது செவ்ரலே. 24 என்பது எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சினோடு பிறந்த கார். 37 என்பது கூரையுள்ள கூப்பே. 67 என்றால் கூரை மடங்கும் வகை. 9 என்பது 1969. அடுத்து வரும் எழுத்து என் என்றால் ஒஹையோவின் நார்வுட் ஆலை, எல் என்றால் கலிபோர்னியாவின் வான் நைஸ் ஆலை. பிறகு 500001-இல் தொடங்கும் வரிசை எண்.

இரண்டாவது, மூன்றாவது இலக்கங்கள் 23 என்று இருந்தால் அந்தக் கார் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு ஆலையை விட்டு வந்தது. அதன் மேல், வேகத்துக்கென்று ஆலையே தயாரித்த விலை கூடிய வகைகளான எஸ்.எஸ். என்றோ இசட்/28 என்றோ எத்தனை சின்னம் ஒட்டியிருந்தாலும் அது அதுவல்ல. இந்த ஒரு பார்வை, நானூறு மைல் கார் ஓட்டிப் போய் ஏமாந்து திரும்புவதைத் தடுக்கும்.

இதற்கு மேல் கமாரோவின் வின் எண் பேசாது. 24 என்பது வி8 என்று மட்டுமே சொல்லும். எந்த வி8, எஸ்.எஸ். உண்டா இல்லையா என்று சொல்லாது. மற்றக் கார்களில் இது மாறும். 1966 முதல் 1968 வரையிலான ஷெவெல் எஸ்.எஸ். 396-க்கு (396 போன்ற எண்கள் எஞ்சினின் கொள்ளளவு, கன அங்குலத்தில்) 138 என்ற தனித் தொடக்கம் உண்டு, 1969 முதல் இல்லை. போன்டியாக் ஜி.டி.ஓ.வுக்கு 1966 முதல் 242 என்ற தொடக்கம் உண்டு, 1964-65 கார்களுக்கு இல்லை. மஸ்டாங்கின் ஐந்தாம் இடத்தில் வரும் எழுத்து எஞ்சினைச் சொல்லும். டாட்ஜும் பிளிமத்தும் அடங்கிய கிரைஸ்லர் குடும்பத்திலும் ஐந்தாம் எழுத்துதான்: 1970 காரில் ஆர் என்றால் 426 ஹெமி என்ற எஞ்சின், வி என்றால் மூன்று கார்புரேட்டர் கொண்ட 440. அதாவது டாட்ஜும் பிளிமத்தும் வாங்குபவருக்கு வின் எண்ணே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். செவ்ரலே வாங்குபவர் கூடுதலாக உழைத்தாக வேண்டும்.

3. சின்னங்களை நம்பாமல் இருக்கச் சில எளிய சோதனைகள்

எஸ்.எஸ். சின்னமும் இசட்/28 சின்னமும் உதிரி பாகக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆலையில் அவற்றோடு சேர்ந்து வந்த பாகங்களைப் பாருங்கள்.

1969 இசட்/28 எப்போதும் நான்கு கியர் கைமாற்றோடுதான் வந்தது. ஏ.சி. கிடையாது. கூரை மடங்கும் வகையில் அந்த ஆண்டு விற்கப்படவே இல்லை. ஆகவே ஆட்டோமேட்டிக் கியரோடு, டேஷ்போர்டின் நடுவில் ஏ.சி. காற்றுத் துளையோடு நிற்கும் “அசல் இசட்/28”-ஐக் கண்டால் வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். 1969 எஸ்.எஸ்.ஸில் முன் சக்கரங்களுக்கு பவர் டிஸ்க் பிரேக்கும், பின் ஆக்சிலுக்கு 12 போல்ட் மூடியும் இருக்க வேண்டும். சாதாரணக் காரில் பெரும்பாலும் 10 போல்ட். எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்து, எஞ்சின் அறையின் பின்சுவரில் ஓட்டுநர் பக்கம் அறைந்திருக்கும் சிறு தகடு. தயாரித்த மாதமும் வாரமும் அதில் இருக்கும்: 04பி என்றால் ஏப்ரல் இரண்டாம் வாரம். ஆலையில் அடித்த நிறத்தின் எண்ணும் இருக்கும். 72 என்றால் ஹக்கர் ஆரஞ்சு. 1968 டிசம்பர் வாக்கிலிருந்து நார்வுட்டில் தயாரான கார்களில் எக்ஸ் என்று தொடங்கும் ஒரு குறியீடும் சேர்ந்தது. எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இசட்/28. எக்ஸ்22, எக்ஸ்66 இரண்டும் எஸ்.எஸ். 396. எக்ஸ்11 என்றால் எஸ்.எஸ். 350 ஆகவும் இருக்கலாம், வெறும் அலங்காரத் தொகுப்பாகவும் இருக்கலாம். இந்த எக்ஸ்11-ஐக் காட்டி எஸ்.எஸ். விலை கேட்பவர்கள் நிறையப் பேர். வான் நைஸ் ஆலையில் எக்ஸ் குறியீடே இல்லை; அங்கே தயாரான காரில் அது இருந்தால் தகடே பொய்.

தகட்டின் ரிவெட்டுகளை உற்றுப் பாருங்கள். சுற்றியுள்ள பெயின்ட் பழையதாக இருக்க, ரிவெட் தலை மட்டும் புதிதாக மின்னினால் காரணம் கேளுங்கள். டேஷ்போர்டில் உள்ள வின் தகடு இன்னும் முக்கியம்: அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் தலை பூவிதழ் வடிவில் இருக்கும். சாதாரண வட்டத் தலை ரிவெட்டோ, திருகோ, பசையோ கண்டால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். 1969 கமாரோவின் முழு உடம்பையும் இன்று புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். அதன் மேல் பழைய காரின் தகட்டைப் பெயர்த்து அறைவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வாங்கியவர் நல்லவராகவே இருந்தாலும் கார் பறிபோகலாம்.

4. தகரம்: பாதி நாளை இங்கே செலவிடுங்கள்

நேரில் போகும்போது எடுத்துப் போக வேண்டியவை: மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம், டார்ச், பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி, ஒரு பாட்டில் தண்ணீர், அழுக்காகத் தயங்காத உடுப்பு. கருவி 100 டாலருக்குள் கிடைக்கும். ஆலைப் பெயின்ட் சுமார் 4 முதல் 6 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் இருக்கும். ஒழுங்காக மறுபடி அடித்த பெயின்ட் 8 முதல் 12 வரை. 20-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. 40, 50 என்று காட்டினால் அந்த இடத்தில் தகரமே இல்லாமலும் இருக்கலாம்.

நம் ஊர் டிங்கரிங் பட்டறைகளில் பட்டி பார்ப்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கேயும் அதே பட்டிதான், விலை மட்டும் டாலரில்.

பார்க்க வேண்டிய இடங்கள், கெடுதல் அதிகமாகும் வரிசையில்:

பின் சக்கர வளைவும் அதற்குப் பின்னால் உள்ள கீழ் மூலையும். காந்தத்தை வளைவின் விளிம்பில் ஓடவிடுங்கள். பிடி தளரும் இடத்தில் விரல் முட்டியால் தட்டினால் சத்தம் மாறும். டிக்கியைத் திறந்து உள்பக்கத்திலிருந்தும் பாருங்கள். ஆலையில் போட்ட ஸ்பாட் வெல்டிங் ஒரே சீராக வட்டக் குழிகளாகத் தெரியும். கோடாக ஓடும் வெல்டிங்கும் கரடுமுரடான குமிழ்களும் பின்பக்கத் தகடு மாற்றப்பட்டதைச் சொல்லும். மாற்றியது தவறில்லை, ஒழுங்காக மாற்றினார்களா, அதை நம்மிடம் சொன்னார்களா என்பதே கேள்வி.

டிக்கியின் தரை. ஒரு வீட்டில் ஆரஞ்சு நிறக் கமாரோ ஒன்றைப் பார்த்தேன். டிக்கியில் புதுப் பாய் விரித்து, ஸ்டெப்னி டயரைத் துடைத்து வைத்திருந்தார்கள். பாயைத் தூக்கினால் கெட்டியான கறுப்புப் பூச்சு, தார் ஊற்றியதுபோல. 1969 டிக்கிக்குள் ஆலையில் தெளித்த புள்ளிப் பெயின்ட் இருந்திருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் நடுவில் தட்டினேன், ‘ணங்’ என்றது. சக்கர வளைவுக்குப் பின்னால் பள்ளமாக இறங்கும் மூலையில் தட்டினேன், ‘பொத்’ என்றது. காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, அந்த மூலையில் வேறு ஒரு தகரத் துண்டை ரிவெட் வைத்து அறைந்து, சுற்றிலும் பட்டி தடவி மேலே கறுப்பு அடித்திருந்தது தெரிந்தது. விற்பவர் முகம் சுளிக்காமல், “பழைய கார் என்றால் அப்படித்தான்” என்றார். பழைய கார் அப்படித்தான் இருக்கும் என்றால் பழைய காருக்கான விலையும் அப்படித்தான் இருக்க வேண்டும். அவர் கேட்டதோ குறையில்லாத காரின் விலை.

புதுக் கறுப்புப் பூச்சு எங்கே தென்பட்டாலும், அடியிலோ டிக்கியிலோ சக்கர வளைவிலோ, விற்பதற்காகவே அடித்தது என்று எண்ணித்தான் பாருங்கள்.

முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பருக்குப் பக்கத்தில் உள்ள காற்றுத் துளைகள். விற்பவரின் அனுமதியோடு பாட்டில் தண்ணீரை மெதுவாக அதற்குள் ஊற்றுங்கள். காருக்கு வெளியே வடிந்தால் நல்லது. முன் இருக்கையின் கால் வைக்கும் இடத்தில் சொட்டினால் உள்ளறைத் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. வெளியிலிருந்து கொஞ்சமும் தெரியாத துரு இது. சரிசெய்ய முன் மட்கார்டுகள், கண்ணாடி, டேஷ்போர்டு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மஸ்டாங் வாங்குபவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். அந்தக் காரின் பெயர்போன வியாதி அது.

வினைல் கூரை. கூரை மேல் ஒட்டிய வினைலின் ஓரத்தில், குறிப்பாகப் பின் கண்ணாடியின் கீழ் மூலைகளில், கொப்புளம்போல எழும்பியிருந்தால் அடியில் தண்ணீர் தேங்கித் தகரம் போய்விட்டது. கூரைத் தகடு மாற்றுவது சின்ன வேலை இல்லை.

தரையும் சப்ஃபிரேமும். கமாரோவின் முன்பாதி, உடம்போடு போல்ட் போட்டு இணைத்த தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த போல்ட்டுகள் பிடிக்கும் இடங்கள், பின்சுவருக்குக் கீழேயும் முன் இருக்கைக்குக் கீழேயும், உறுதியாக இருக்க வேண்டும். லிப்டில் தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் ஒழுங்காக மூடிய கதவு மேலே இடித்தால் உடம்பின் விறைப்பு போய்விட்டது. கூரை மடங்கும் காரில் இது இன்னும் ஆபத்து.

செலவு என்ன ஆகும்? நான் பட்டறைகளில் கேட்ட விலைப்புள்ளிகளின்படி, இரண்டு பின்பக்கத் தகடுகளையும் மாற்றிப் பெயின்ட்டும் அடிக்க 7,000 டாலருக்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை. பழைய பெயின்ட்டை முழுக்க உரித்து முழு உடம்புக்கும் தரமாக அடிக்க 15,000 டாலரில் பேச்சு தொடங்குகிறது. முடிக்க நான்கு மாதம் என்பார்கள், ஓராண்டு ஆகும். இந்த எண்களை நினைவில் வையுங்கள், ஒன்பதாம் படியில் தேவைப்படும்.

உலர்ந்த மாநிலத்துக் காருக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமே. அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற இடங்களில் வாழ்ந்த காரின் இருக்கையும் டேஷ்போர்டும் வெயிலில் வெடித்திருக்கும். அதைச் சில ஆயிரம் டாலரில் மாற்றிவிடலாம். மிச்சிகன், ஒஹையோ சாலைகளில் பனி உருகக் கொட்டும் உப்பு தின்ற தகரத்தை அந்தப் பணத்தில் மாற்ற முடியாது.

5. எஞ்சின் எண்: “நம்பர்ஸ் மேட்சிங்” என்ற மந்திரம்

விளம்பரங்களில் இந்தச் சொல் இல்லாத காரே இல்லை. ஆலையில் பொருத்திய அதே எஞ்சின் இன்னும் காரில் இருக்கிறது என்பதே அதன் பொருள். சரிபார்ப்பது உங்கள் வேலை.

செவ்ரலே வி8-இல் பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல் ஒரு சிறு தட்டையான பரப்பு இருக்கும். கிரீஸைத் துடைத்தால் ஓர் எழுத்து, நான்கு இலக்கம், கடைசியில் இரண்டு எழுத்துகள் தெரியும். முதல் எழுத்து வி என்றால் ஃபிளின்ட் ஆலை, டி என்றால் டோனவாண்டா. நான்கு இலக்கம் மாதமும் நாளும். கடைசி எழுத்துகள் எஞ்சின் வகை: 1969 இசட்/28-இன் 302 எஞ்சினுக்கு டி.இசட். காரின் வின் எண்ணின் ஒரு பகுதியும், 19என் என்று தொடங்கி வரிசை எண்ணோடு, இதே பரப்பிலோ ஆயில் ஃபில்டருக்கு மேலேயோ குத்தியிருக்கும். அந்த வரிசை எண் டேஷ்போர்டு எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

எண்ணை யாரும் குத்திவிடலாம் என்பதால் பரப்பையும் பாருங்கள். ஆலை இயந்திரம் செதுக்கிய மெல்லிய இணைகோடுகள் முன்னிருந்து பின்னாக ஓட வேண்டும். பரப்பு கண்ணாடிபோல வழவழப்பாகவோ வட்டக் கீறல்களோடோ இருந்தால், பழைய எண்ணை அரைத்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்க வாய்ப்பு அதிகம். சாய்ந்த வெளிச்சத்தில் நான்கைந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேதிகளும் வரிசையாக வர வேண்டும். பிளாக் வார்த்த தேதி முதலில், எஞ்சின் கூட்டிய தேதி அடுத்து, கார் தயாரான வாரம் கடைசி. ஏப்ரல் இரண்டாம் வாரக் காரில் மே மாத எஞ்சின் இருந்தால் கணக்கு முடிந்தது.

அசல் எஞ்சின் இல்லாத காரை ஒதுக்க வேண்டியதில்லை. ஓட்டி மகிழ வாங்குபவருக்கு அதுவே நல்ல தேர்வு என்பேன். அதே தரமுள்ள அசல் எஞ்சின் காரைவிட ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை விலை குறைய வேண்டும், அவ்வளவுதான்.

6. காகிதம்: எந்த நிறுவனத்துக்கு என்ன கிடைக்கும்

1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. வின் எண்ணைக் கொடுத்தால், ஆலைப் பதிவேட்டிலிருந்து அந்தக் கார் என்ன நிறத்தில், எந்த எஞ்சினோடு, என்னென்ன வசதிகளோடு பிறந்தது என்று அச்சிட்டுத் தருகிறார்கள். போன்டியாக் கார்களுக்கு போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் அதே வேலையைச் செய்கிறது. வின் எண் உதவாத 1964-65 ஜி.டி.ஓ.வுக்கு இந்தக் காகிதம்தான் உயிர். இரண்டுக்கும் ஆகும் கட்டணம் காரின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை. விற்பவர் எடுத்து வைத்திருந்தாலும் நீங்களே புதிதாக ஒன்று எடுங்கள்.

செவ்ரலேவுக்கு அமெரிக்காவில் இப்படி ஆலைப் பதிவேடு கிடைக்காது. கனடாவில் விற்கப்பட்ட காருக்கு மட்டும், செவ்ரலேவின் தாய் நிறுவனமான ஜி.எம்.மின் கனடாக் கிளையின் பதிவேடுகள் உண்டு. ஆகவே கமாரோவோ ஷெவெல்லோ வாங்கும்போது காரோடு வந்த காகிதமே சாட்சி: காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று ஆலை பட்டியலிட்ட பில்ட் ஷீட் என்ற தாள், விற்ற கடையின் ரசீது, ஜன்னல் ஸ்டிக்கர், உத்தரவாதக் கையேட்டில் ஒட்டிய புரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற சிறு உலோகத் தகடு. பில்ட் ஷீட் சில நேரம் பெட்ரோல் டாங்கின் மேலேயோ இருக்கைச் சுருள்களுக்குள்ளோ சிக்கியிருக்கும். பலருக்கு அங்கிருந்துதான் கிடைத்திருக்கிறது. இந்தக் காகிதங்களையும் போலியாக அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேலான தாள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

என் தீர்மானமான கருத்து இது: காகிதமும் எக்ஸ் குறியீடும் எஞ்சின் எண்ணும் எதுவும் சாட்சி சொல்லாத எஸ்.எஸ். காரைச் சாதாரணக் கமாரோவின் விலைக்கே வாங்க வேண்டும். “என் மாமா புதிதாக வாங்கியது” என்ற கதைக்கு ஒரு டாலரும் சேர்க்காதீர்கள். நாளை நீங்கள் விற்கப் போகும்போது அந்த மாமா வந்து சாட்சி சொல்ல மாட்டார்.

7. ஓட்டிப் பாருங்கள்

போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் கிளம்பச் சிரமப்படுவதை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். கிளம்பும்போது நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது. சூடான பிறகு, ஆயிரம் சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்ற கணக்கில் ஆயில் அழுத்தம் வர வேண்டும். இரண்டாம் கியருக்கு வேகமாக மாற்றும்போது கறகறத்தால் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டிவரும்.

டயரின் பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பத்து ஆண்டைத் தாண்டிய டயரில், பட்டன் புத்தம் புதிதாகத் தெரிந்தாலும், நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். ஓடோமீட்டரில் ஐந்து இலக்கம்தான். 63,000 என்று காட்டுவது 1,63,000 ஆகவும் இருக்கலாம்.

8. பரிசோதகருக்குப் பணம் கொடுங்கள்

இவ்வளவையும் நீங்களே பார்த்த பிறகும், பணம் கொடுக்கும் முன் அந்த மாடலை நன்கு அறிந்த ஒருவரைக் கூலி கொடுத்துப் பார்க்க வையுங்கள். 300 முதல் 700 டாலர் வரை ஆகும். எல்லாப் பழைய கார்களையும் பார்ப்பவரைவிட, கமாரோவிலேயே ஊறியவரைத் தேடுங்கள். மாடல் வாரியாகச் சங்கங்கள் உண்டு, அங்கே விசாரித்தால் ஆள் கிடைப்பார். விற்பவர் சொல்லும் பட்டறைக்குப் போகாதீர்கள். லிப்டில் ஏற்றுவதை மறுக்கும் விற்பனையாளரிடம் மேலே பேச ஒன்றும் இல்லை.

9. விலையை எப்படிக் கணக்கிடுவது

மிச்சிகனின் டிராவர்ஸ் சிட்டியில் இயங்கும் ஹேகர்ட்டி நிறுவனம், பழைய கார்களை 1 முதல் 4 வரை தரம் பிரித்து விலை வெளியிடுகிறது. 1 என்பது போட்டியில் வெல்லும் கார். 2 என்பது மிகச் சிறந்தது. 3 என்பது நன்றாக ஓடும், அருகே போனால் குறை தெரியும் கார். 4 என்றால் குறை தூரத்திலிருந்தே தெரியும். விற்பவர்கள் தங்கள் காரை 2 என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது 3. இந்த ஒரு படி வித்தியாசத்திலேயே பல ஆயிரம் டாலர் இருக்கிறது.

அடுத்து, ஏலத்தில் உண்மையாகவே விற்ற விலைகளைத் திரட்டுங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது அவரவர் ஆசை. உங்கள் காரோடு ஆண்டு, எஞ்சின், கியர், காகிதம் எல்லாம் ஒத்துப்போகும் நான்கைந்து விற்பனைகள் போதும். அந்த விலைகளில் வாங்குபவர் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 5 முதல் 10 சதவீதம் வரை அதிலேயே வித்தியாசம் வரும். தொலைக்காட்சியில் காட்டும் ஜனவரி மாதப் பெரிய ஏலங்களை அளவுகோலாக வைக்காதீர்கள். அங்கே மேடைக்கு வரும் கார்கள் வேறு, வாங்குபவர்களும் வேறு.

பிறகு நல்ல காரின் விலையிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். விற்பவர் கூட்டல் கணக்குச் சொல்வார்: புது சக்கரம் இவ்வளவு, புது ஸ்டீரியோ இவ்வளவு, செலவழித்த ரசீது இதோ என்று. அவர் செலவழித்தது அவர் விருப்பம். உங்கள் கணக்கு கழித்தல்தான்.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. எஸ்.எஸ். அல்லாத, அசல் எஞ்சின் இல்லாத, 350 எஞ்சின் பொருத்திய 1969 கூப்பே, தரம் 3, ஒத்த விற்பனைகளின் சராசரி 44,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்த காரில் பின்பக்கத் தகடுகளில் பட்டி: 7,000 கழியுங்கள். டயர் பழையது: 1,000. பிரேக் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள்: 1,500. தெரியாமல் ஒளிந்திருப்பதற்காக இன்னும் 2,000. மிச்சம் 32,500. அதுதான் நியாய விலை. அவர் 43,000 கேட்டால், பட்டியலை எழுதிக் கையில் கொடுத்து 31,000-இல் பேச்சைத் தொடங்குங்கள். குறையைப் படத்தோடு காட்டிப் பேசினால் பெரும்பாலும் பேரம் படியும். படியாவிட்டால் கிளம்பிவிடுங்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் தயாரான காரில் அடுத்தது வராமல் போகாது.

இன்னொரு கோணமும் உண்டு. ஓட்டைக் காரை மலிவாக வாங்கி, செலவழித்துச் சீராக்கினால் லாபம் என்று தோன்றும். முழுச் சீரமைப்புக்குப் பட்டறையில் கொடுத்தால் 1,00,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அந்தக் காரை அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். சீரமைப்புக்கான பணத்தை இன்னொருவர் ஏற்கெனவே செலவழித்து முடித்த காரை வாங்குவதே நமக்கு நல்லது.

10. டைட்டில், பணம், இன்சூரன்ஸ்

காரின் உரிமையைக் காட்டும் சான்றான டைட்டிலில் இருக்கும் பெயரும், விற்பவரின் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறொருவர் கையெழுத்திட்ட டைட்டிலை வைத்துக்கொண்டு, “நான் என் பெயருக்கு மாற்றவில்லை, நீங்களே நேராக மாற்றிக்கொள்ளுங்கள்” என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். டைட்டிலின் வின் எண்ணை டேஷ்போர்டு எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் திருத்தம் வரும் வரை முன்பணம்கூடத் தர வேண்டாம்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஒஹையோவில் விற்பவரின் கையெழுத்து நோட்டரி முன்னால் ஆக வேண்டும். நியூயார்க்கில் 1972-க்கும் அதற்கு முந்திய மாடல்களுக்கும் டைட்டிலே தருவதில்லை, மாற்றத்தக்க பதிவுச் சான்றுதான்; அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மாநில அலுவலகம் அதனோடு வேறென்ன கேட்கும் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தை விற்பவரின் வங்கியிலேயே, காசாளர் முன்னால், டைட்டில் கைக்கு வரும் அதே நேரத்தில் கொடுங்கள். ரசீதில் விலையைக் குறைத்து எழுதித் தரட்டுமா, வரி மிச்சமாகும் என்று கேட்பவர்கள் உண்டு. மறுத்துவிடுங்கள். அது வரி ஏய்ப்பு. அதோடு, பின்னால் காரின் மதிப்பை நிரூபிக்க உங்களிடம் இருக்கும் ஒரே தாள் அந்த ரசீதுதான்.

மிச்சிகனில் வாங்கிய 15 நாளுக்குள், வாகனப் பதிவைக் கவனிக்கும் செகரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் டைட்டிலை மாற்ற வேண்டும். 26 ஆண்டோ அதற்கு மேலோ ஆன காருக்குப் பழங்கால வாகனத் தட்டு (நம்பர் பிளேட்) மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு கண்காட்சி, ஊர்வலம், சங்க நிகழ்ச்சிகளுக்கே போகலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் விலக்கு. வார இறுதியில் பிள்ளைகளை ஐஸ்கிரீம் கடைக்கு அழைத்துப் போக ஆசை இருந்தால் சாதாரணத் தட்டே வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசி ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற வகையில் இருக்க வேண்டும். சாதாரண பாலிசியில் விபத்துக்குப் பிறகு, பழைய கார் என்று சொல்லித் தேய்மானம் கழித்துச் சில ஆயிரம் டாலரை நீட்டுவார்கள். ஒப்புக்கொண்ட மதிப்பில், முன்பே எழுதிய தொகை முழுதாக வரும். பூட்டக்கூடிய கராஜும், தினசரிப் பயணத்துக்கு வேறு காரும் இருக்கிறதா என்று கேட்பார்கள். காரைக் கையில் வாங்கும் முன்பே பாலிசி தொடங்கியிருக்க வேண்டும். டிரக்கில் வரும்போது அடிபட்டால் டிரக்காரரின் காப்பீடு எந்தத் தொகை வரை என்று எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிரேக் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள், டயர் மூன்றையும் மாற்றிய பிறகே சாலையில் ஏறுங்கள். நவம்பரில் காரை மூடி வைக்கும்போது பாலிசியை நிறுத்திப் பணம் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். தீயும் திருட்டும் வயரைக் கடிக்கும் எலியும் கராஜுக்குள் இருக்கும் காரையும் தேடி வரும். எஞ்சின் எண், வின் தகடு, அடிப்பகுதி, பில்ட் ஷீட் ஆகியவற்றின் படங்களை பாலிசி நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சந்தை விலையைப் பார்த்து, ஒப்புக்கொண்ட தொகையைத் திருத்தச் சொல்லுங்கள்.